மாடவீதியில் மலிவுத் தேங்காய்

சகலைமேல் பொறாமைப்படாத ஆம்பளையை நான் இன்னும் பார்க்கவில்லை. (பார்த்தால் சொல்லுங்கள், வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்.)

என் சகலை முனுசாமி, என் மச்சினியைக் கட்டியவன். சுருட்டை முடி, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். தேங்காய் விற்கிறவனுக்குக் குழி எதற்கு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் மாமனாருக்கு மயிலாப்பூர் கோபுரவாசல் பக்கம் ஒரு தேங்காய்க் கடை இருந்தது. அவருக்குத் தள்ளாமை வந்துவிட்டது. அறுபத்துமூவர் திருவிழா அன்று எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குவியல் கொடுத்து, மாடவீதியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எவன் குவியல் மொதல்ல காலியாவுதோ, கடை அவனுக்குத்தான்."

காலையிலிருந்து பெண்கள் அவனிடமே போனார்கள்.  தேங்காய்க்கு முன் நான் கத்தரிக்காய் விற்றவன். விலையைக் கொஞ்சம் இறக்கினால் போதும், அரை வீசை வாங்க வந்தவள் ஒரு வீசை வாங்கிப்போவாள். அந்த அனுபவத் திமிரில் கத்தினேன்: "ஓரணா காய் அரையணா! அரையணா!"

என் பக்கம் வந்துகொண்டிருந்த மாமி ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்டாப்பா, பாதி விலைக்குத் தள்ளிண்டிருக்கியே, அழுகலா?"

"நல்ல காய் மாமி! ரெண்டா வாங்கிக்குங்க!"

"ரெண்டு எதுக்கு? அர்ச்சனைக்கு ஒண்ணு போறும். பொண்ணுக்கு நிச்சயம் வச்சிண்டிருக்கேன். சந்நிதியில உடைச்சு அழுகலா விழுந்தா, மிச்சம் பிடிச்ச அரையணாவையா மாப்பிள்ளைன்னு மணையில உக்காத்தி வைப்பேன்?"

நேரே முனுசாமியிடம் போனாள். பின்னால் வந்த கூட்டமும் போயிற்று. அந்தப் பாவி சும்மா இருந்தானா? விலையை ஒண்ணேகால் அணா ஆக்கினான்! அதற்கும் அடித்துப்பிடித்து வாங்கினார்கள்.

"இன்னாண்ணே, வெயில் ஜாஸ்தியா கீதா? மூஞ்சி செவந்து போச்சே!" என்று குழி விழச் சிரித்தான்.

எனக்கு வெறி வந்துவிட்டது. குவியலிலேயே அழகான காயைப் பொறுக்கி, நடுவீதியில் நின்று, "அழுகலான்னு எல்லாரும் பாருங்க!" என்று ஓங்கி உடைத்தேன்.

அழுகல்.

நாற்றத்தில் வீதியே இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நூறு காயில் அது ஒன்றுதான் கெட்டது. (மீதியை வீட்டில் உடைத்துத் தின்றுபார்த்துத்தான் சொல்கிறேன். குழம்பில் தேங்காய், கூட்டில் தேங்காய், வெறும் வாயில் தேங்காய்.)

மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டே, "மாப்ள, நீ கத்திரிக்காய்க்கே போய்டு" என்றார். கடைச் சாவி முனுசாமி இடுப்பில் ஏறியது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்குத் தேங்காய் உடைக்கும்போது, "பெரியவரைக் கொஞ்சம் வாசல்ல நிக்கச் சொல்லுங்க" என்று ஒரு குரல் வரும். வீடே சிரிக்கும். நானும் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

முனுசாமி வருஷம் தவறாமல் பொங்கலுக்கு என் வீட்டுக்கு ஒரு கூடை தேங்காய் அனுப்புகிறான். ஒவ்வொன்றையும் ஆசையாக உடைத்துப் பார்க்கிறேன். சண்டாளன், இதுவரை ஒன்றுகூட அழுகவில்லை.