ஹாஜியாரைக் கடலில் இறக்கிய சைட்கார்

அரைகுறையாய் வாசித்தவனைப்போல் துணிச்சல்காரன் உலகத்தில் இல்லை. ஒன்றுமே வாசிக்காதவன் பயந்து சும்மா இருப்பான். முழுதாக வாசித்தவன் யோசிப்பான். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் எங்கள் ஆலங்குடாவுக்கு வந்து பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கத் தொடங்கிய காலம். அவர்களுடைய சாமான்களை ஏற்றிப்போன த்ரீவீல்கள் மணலில் புதைந்தன. இதற்கு மருந்து உலகப் போரில் இருப்பதாகக் கண்டுபிடித்தேன். அந்தக் காலத்துப் பட்டாள மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு தொட்டி இருக்கும். அதுதான் சைட்கார். முதலில் அதன் சக்கரம் சும்மா உருண்டதாம். சேற்றிலும் பாலைவன மணலிலும் சிக்கிச் சீரழிந்த பிறகு, பின்சக்கரத்திலிருந்து ஒரு தண்டு போட்டு அதையும் எஞ்சினாலேயே சுற்றவைத்தார்கள்.

என் கூட்டாளி றிஸ்வானுக்கு வெல்டிங் வேலை. போனில் படத்தைக் காட்டினேன்.

"இந்த லீவர் என்னத்துக்கு மச்சான்?"

"அது பட்டாளத்துக்காரன்ட பகட்டு. நமக்குத் தேவையில்ல."

(தார் வீதிக்கு ஏறினால் பக்கச் சக்கரத்தை எஞ்சினிலிருந்து பிரித்துவிடத்தான் அந்த லீவர். அந்தப் பந்தியைப் பிறகுதான் வாசித்தேன்.)

என் பழைய மோட்டார் சைக்கிளில் பொருத்தி மணலில் ஓடிப் பார்த்தோம். அருமையாகத் திரும்பியது.

அந்தக் கிழமையே மாம்புரியிலிருந்து ஒரு ஹாஜியார் தன் மகளுக்கு என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தார். உம்மா வட்டிலப்பம் அவித்துவிட்டு வாசலில் நின்றா. பஸ்ஸால் இறங்கியவரைக் கூட்டிவர நான் சைட்காரோடு போனேன். தொட்டி வெறுமையாய் இருந்ததால் பக்கச் சக்கரம் வழுக்கிக்கொடுத்து, போகும்போது ஒழுங்காகத் திரும்பியது. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. தொட்டிக்குள் அமர்ந்தபோது அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

வீதி கடலை நோக்கி நேராகப் போகும். எங்கள் வீடு இடப்பக்கம். ஹேண்டிலைத் திருப்பினேன். ஹேண்டில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பின்சக்கரமும் பக்கச் சக்கரமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நேராகவே தள்ளின. உம்மா ஸலாம் சொன்னா. ஹாஜியார் பதில் ஸலாம் சொல்லி முடிக்க முன்னம் வீடு பின்னால் போய்விட்டது.

"மகன், வீடு அதுதானே?"

"ஓம் மாமா."

"அப்ப நாம எங்க போறம்?"

அது எனக்கும் தெரியாது. பிரேக்கை நினைத்துக்கொண்டு எக்ஸிலேட்டரை முறுக்கினேன். தார் முடிந்து மணல் வந்தது. மணலில் வண்டி திரும்பியிருக்கும். ஆனால் நான் அப்போது கண்ணை மூடியிருந்தேன்.

திறந்தபோது எஞ்சின் நின்றிருந்தது. தொட்டி நிறையக் கடல். அதற்குள் நெஞ்சளவு தண்ணீரில் ஹாஜியார். தொப்பி மாத்திரம் நனையவில்லை. பட்டத்தோடு நின்ற ஒரு வெள்ளைக்காரி கைதட்டினாள்.

ஹாஜியார் தொட்டியிலிருந்து இறங்கினார். நடந்தே வீட்டுக்கு வந்தார். என் வாப்பாவின் சாரத்தை மாற்றிக் கட்டிக்கொண்டு, வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். உம்மா அழுதா. நான் கட்டாருக்குப் போய்த் தொலைவதென்று முடிவெடுத்தேன்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிய அன்று மாம்புரியிலிருந்து செய்தி வந்தது: சம்மதம்! காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் மனைவி சொன்னாள். "பொடியன் எப்படி?" என்று மாமி கேட்க, மாமா நனைந்த சாரத்தைக் கொடியில் போட்டபடி, "சரியான நேரான பொடியன்" என்றாராம்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசினாலும் மாமா படிப்பையோ தொழிலையோ விசாரிப்பதில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு கேள்விதான் கேட்பார்:

"பொடியன் திரும்புவானா?"