குமிழி விட்ட தண்ணீர் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், சென்ற வாரம் முதல் தங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

"அந்த மனுஷன் என்னை விஷம் வச்சவளாக்கிட்டாரு" என்று தங்கள் அக்கா தங்களிடம் கூறியிருக்கக்கூடும். என் உரிமைகள் எதற்கும் பங்கமின்றித் தெரிவிக்கிறேன்: அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை.

காலை மாத்திரைக்காக, தினமும் இரவில் அவள் கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடி, என் கட்டிலருகே வைப்பது வழக்கம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு நாள் காலை, முதன்முறையாக அதைத் தெளிவாகப் பார்த்தேன். தம்ளரின் உட்புறமெங்கும் முத்து முத்தாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முந்தின மாலை, நான் வக்கீலாக இருந்த காலத்துப் பழைய வழக்குக் கட்டுகளை அவளுடைய பீரோவில் அடுக்கியது குறித்து எங்களுக்குள் வாக்குவாதம் நடந்திருந்தது. இவை இரண்டும் தனித்தனி உண்மைகள். இரண்டையும் நான் ஒரே தாளில் குறித்தது தற்செயல். அதே தாளில் 'சமையலறைக்குச் சென்றுவரக்கூடியவர்கள்: ஒருவர்' என்றும் குறித்தேன், அதுவும் உண்மைதானே. பிறகு தண்ணீரைப் புட்டியில் ஊற்றி, அரக்கு வைத்து, எதிர்வீட்டுத் தையற்காரரிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டேன். "எதுக்கு சார், சொத்து விஷயமா?" என்றார். தண்ணீர் என்றேன். தாளை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் புட்டியை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். "சார், தண்ணிக்குள்ள காத்து கரைஞ்சிருக்கும். சில்லுனு இருக்கறப்ப நிறைய பிடிச்சு வச்சுக்கும். ராத்திரி முழுக்க ரூம்ல இருந்து சூடு ஏறினா தாங்காம வெளிய விட்டுடும். அதான் குமிழி." அக்காற்று தண்ணீருக்குள் இருந்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்டேன். "மீனைக் கேளுங்க சார்" என்றார். குறுக்கு விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

வீடு திரும்பினால் வாசலிலேயே தங்கள் அக்கா. தையற்காரர் போய், "ஏம்மா, குழாய்த் தண்ணில ஏதாச்சும் கோளாறா, சார் சீல் வச்சு எடுத்துட்டுப் போறாரே?" என்று விசாரித்திருக்கிறார். "ஏங்க, நான் வச்ச தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்தீங்களா?" என்றாள். யார் பெயரையும் குறிப்பிடவில்லை என்றேன். "சமையல்கட்டுக்குப் போய் வர்ற ஆள் ஒருத்தர்னு எழுதினீங்களாமே, அந்த ஒருத்தர் யாரு, பூனையா?" என்றாள். நம் வீட்டில் பூனை இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். உடனே அவள் பையை எடுத்தாள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதுதான் தப்பாகப் போச்சு மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எந்த வார்த்தை என்றுதான் தெரியவில்லை.

இப்போது தண்ணீரை நானே பிடித்து வைக்கிறேன். காலையில் அதே குமிழிகள். வீட்டில் சந்தேகத்துக்குரிய நபர் நான் ஒருவன்தான். பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில், குமிழி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வழக்குக் கட்டுகளைப் பீரோவிலிருந்து அகற்றிவிட்டேன். தாங்கள் எடுத்துச் சொல்லி, அவளை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நோய் நொடியின்றி, ஒருவரையொருவர் நம்பி வாழ்க.

இங்ஙனம்,
தங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: நேற்று எழுதிய இக்கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்கு முன்பே, மாலையில் அவளாகவே வந்துவிட்டாள். இரவில் வழக்கம்போல் தம்ளர் வைத்தாள். இன்று காலை பார்த்தால், அதில் ஒரு குமிழிகூட இல்லை. என்ன கலந்தாய் என்று நான் கேட்கவில்லை. இன்று ஏன் குமிழி இல்லை என்று மட்டுமே கேட்டேன். "காய்ச்சி ஆற வச்சதுங்க. காத்தெல்லாம் அதுலயே போயிடும். உங்களுக்குப் பயமில்லாம இருக்கட்டுமேன்னு செஞ்சேன்" என்றாள். பையை அவள் இன்னும் பிரித்திருக்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மதியத்துக்குள் அங்கு வந்து சேர்வாள். அவள் போன பிறகு அந்தத் தண்ணீரை முழுவதும் குடித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை என்பதை அவளிடம் தெரிவிக்கவும்.