ராஜினாமா ஃப்ளெக்ஸ்

"வெள்ளிக்கிழமை நான் மேனேஜர் பதவியை ராஜினாமா பண்ணப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் ஜம்ஷீர் சொன்னபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான் கையைக் கழுவிவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. எனக்குத்தான் சந்தோஷத்தில் உடம்பு சூடாகிவிட்டது.

கரிம்பனங்கடவு பிரதர்ஸ் என்பது எங்கள் ஊர் செவன்ஸ் டீம். அறுவடை முடிந்த வயலில் விளக்கு கட்டி, பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுகிற கால்பந்து. மலப்புறத்தில் பிறந்தவர்களுக்கு அது சோறு மாதிரி. போன வருஷம் அந்த டீமுக்கு மேனேஜராக இவரைப் போட்டார்கள். மேனேஜர் வீட்டு மாடியில்தான் வெளியூர் ஆட்டக்காரர்கள் தங்குவது என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கானாவிலிருந்து வந்தவர்கள், வயநாட்டிலிருந்து வந்தவர்கள், எல்லோருமே நல்ல பிள்ளைகள். ஆனால் ஒவ்வொருவனுக்கும் கால் இரண்டு, அதில் சேறு நாலு படி. ஒரு சீசன் முழுக்க நான் துவைத்த ஜெர்சிகளை வரிசையாகக் கட்டினால் கோழிக்கோடு கடற்கரை வரைக்கும் கொடி போடலாம்.

அந்த மாடி எனக்குச் சொன்ன மாடி. மகள் ஹைஸா பிறந்தபோது, "நீ அங்க தையல் கடை வச்சுக்க ரம்ஷி" என்று இவர்தான் வாக்குக் கொடுத்தார். மெஷினும் வந்தது. வந்த நாளிலிருந்து மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அதன் மேல் காலுறை காய்கிறது.

"அப்போ மாடி எனக்கா?" என்றேன்.

"அதெப்படி? ராஜினாமா பண்றது போறதுக்கு இல்லடீ. இருக்கறதுக்கு."

"புரியல இக்கா."

"இப்போ எல்லாரும் என் மேல கோவமா இருக்காங்க. ஒரு கப்பு கூட ஜெயிக்கல. பொதுக்குழு கூடினா என்னைத் தூக்கிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே போறேன்னு சொன்னா, மனசு இளகிடும். போகாதீங்கன்னு கெஞ்சுவாங்க. நான் ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்வேன். மூணாவது தடவை ஊருக்காக ஒத்துக்குவேன்."

"கெஞ்சலைன்னா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தன் கைப்பட எழுதியிருந்தார்: 'போகாதீங்க ஜம்ஷீர்க்கா! எங்கள் மேனேஜர் எங்களுக்கே வேண்டும். இப்படிக்கு, ரசிகர்கள்.' கூடவே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகட்டி நிற்கும் அவர் படம்.

"இதை ஃப்ளெக்ஸ் அடிச்சு முக்குல கட்டணும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு எல்லாரும் நம்ம முற்றத்துல இருக்கும்போது படம் போன்ல வரணும். நான் கடைக்குப் போனா குட்டு உடஞ்சிடும். நீ போயிட்டு வா. யார் கேட்டாலும் எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. செத்தாலும் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் என்பது சாதாரண விஷயம் இல்லை. பிறந்தால் ஃப்ளெக்ஸ், பத்தாவது பாஸானால் ஃப்ளெக்ஸ், உம்ராவுக்குப் போனால் ஃப்ளெக்ஸ், எங்கோ ஒரு நாடு உலகக் கோப்பையில் தோற்றால் அதற்கும் ஆறுதல் சொல்லி ஒரு ஃப்ளெக்ஸ். நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றாலும் நிற்கும், கட்டின ஃப்ளெக்ஸ் இறங்காது.

ஹைஸாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது பிரஜிஷா. என்னோடு ஏழாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுவே அடிக்கணுமா?"

"படம் அதுவே இருக்கட்டும். எழுத்து மட்டும் நான் சொல்றேன், நீ அடி" என்றேன்.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் நாற்காலி போட்டாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில், ராஜினாமா பண்ணுவதாக இவர் குரல் பதிவு போட்டிருந்தார். நடுவில் தொண்டை அடைக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல் பேசிப் பேசிப் பழகினார். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேர் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி. கல்ஃபிலிருந்து திரும்பி வந்த பீரான் காக்கா, கேலரியில் எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிற வேலாயுதேட்டன், போனைக் கையில் ஒட்டவைத்துப் பிறந்த அஸ்கர். நான் சுலைமானி டீயும் நேந்திரம்பழத்தில் செய்த உன்னக்காயும் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசல் கதவுக்குப் பின்னால் ஹைஸாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜம்ஷீரே, உன்னைக் குறை சொல்ல வரல" என்று ஆரம்பித்தார் பீரான் காக்கா. அப்புறம் குறை மட்டும்தான் சொன்னார். "அரையிறுதியில அந்த வயநாட்டுப் பையன் நல்லா ஓடிட்டிருந்தான். அவனை ஏன் வெளிய எடுத்தே?"

"அது ஒரு தந்திரம் காக்கா."

"யாருக்கு எதிரா?"

வேலாயுதேட்டன் உன்னக்காயைப் பிட்டார். "அதை விடுங்க. கோல்கீப்பரை முன்னால ஏத்தி ஆட விட்டானே, அது?"

"அவன் உயரம் ஏட்டா. தலையால முட்டுவான்னு பாத்தேன்."

"சரி. அப்போ கோல் போஸ்ட்ல யாரு நின்னா?"

இவர் யோசித்தார். சீசன் முடிந்து இத்தனை நாள் கழித்து அப்போதுதான் யோசித்தார்.

"கானாலேருந்து க்வாபெனாவைக் கொண்டுவந்தது மட்டும் நல்ல காரியம்" என்றான் அஸ்கர்.

"அவன் ஒரு கோல் கூடப் போடலையேடா" என்றார் பீரான் காக்கா.

"வீடியோல இவர் பாத்தது க்வாபெனாவோட மச்சானை. பேரை மாத்திச் சொல்லி டிக்கெட் எடுத்துட்டார். வந்தவனுக்குப் பந்து தெரியாது, முடி வெட்டத் தெரியும். நம்ம ஊர்ல இன்னிக்கு எல்லார் தலையும் பாக்கற மாதிரி இருக்குன்னா அது யாரால?"

பீரான் காக்கா தன் பின்னந்தலையைத் தடவிக்கொண்டார். மறுக்கவில்லை.

நான் உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மாடி என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பந்து ரசிகர்களை நம்பக் கூடாது. திட்டித் தீர்த்ததும் அவர்களுக்குப் பாசம் பொங்கிவிடும்.

"இருந்தாலும், வேற யாரு இருக்கா?" என்றார் வேலாயுதேட்டன்.

"அஸ்கர், நீ?"

"எனக்கு நிக்காஹ் வருது காக்கா. முதல் வருஷமே வீட்ல சண்டை வேண்டாம்."

"ஏட்டா, நீங்க?" என்றான் அஸ்கர்.

"எனக்குத் திட்டத்தான் தெரியும். என்னையும் நாலு பேரு திட்டினா நான் எங்க போய் உக்காருவேன்?"

"தோத்தாலும் இவன் ஒரு மேட்சுக்கு வராம இருந்ததில்ல" என்றார் பீரான் காக்கா மெதுவாக. "மழையில நனைஞ்சுட்டே நின்னான். பாவம். இன்னொரு வருஷம் கொடுத்துப் பாப்போமா?"

இவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "வேண்டாம் காக்கா. மனசு இடம் கொடுக்கல."

"அப்படிச் சொல்லாதே."

"இல்ல காக்கா. என்னை விட்டுடுங்க."

இரண்டு தடவை ஆகிவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி. நான் ஊட்டின கவளம் ஹைஸாவின் மூக்கில் போய் நின்றது. ஃப்ளெக்ஸைக் கொடுத்து அனுப்பின ஆட்டோக்காரன் எங்கே போய்த் தொலைந்தான்? முக்கில் கட்டிவிட்டுப் படம் எடுத்து ரசிகர்கள் குழுவில் போடு என்று அத்தனை தடவை சொல்லியிருந்தேன்.

"ஜம்ஷீரே, கடைசியாக் கேக்கறேன்" என்று பீரான் காக்கா வாயைத் திறக்கவும் அஸ்கரின் போன் கிணுகிணுத்தது.

"முக்குல ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க" என்றான். "நம்ம இக்கா படம் போட்டு."

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ஃப்ளெக்ஸா? எனக்கு ஒண்ணும் தெரியாதே. யாரு வச்சது?"

"ரசிகர்கள்னு போட்டிருக்கு."

"அல்லாஹ். இந்த ஊருக்கு என் மேல இவ்வளவு பிரியமா? காக்கா, நான் என் மனசுல என்னவோ நினைச்சேன். ஆனா ரசிகர்கள் என்ன சொல்றாங்களோ அதுக்கு மேல எனக்குப் பேச்சே கிடையாது. அவங்க முடிவுதான் என் முடிவு. சத்தமாப் படிடா."

அஸ்கர் சத்தமாகவே படித்தான். "'நன்றி ஜம்ஷீர்க்கா! பட்ட பாடு போதும். நிம்மதியாக ஓய்வெடுங்கள். இப்படிக்கு, ரசிகர்கள்.'"

இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அஸ்கர் பக்கம் போனார்.

"வேற மாதிரி இருக்குமே" என்றார் இவர். "சரியாப் பாரு."

"வேற மாதிரின்னா எப்படி இக்கா?"

இவர் அவசரமாகச் சுலைமானியை எடுத்துக் குடித்தார்.

"கீழ ஸ்பான்சர் பேரும் இருக்கு" என்று தொடர்ந்தான் அஸ்கர். "'ரம்ஷி தையலகம். ஜம்ஷீர்க்கா வீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை முன்னாள் மேனேஜர் திறந்து வைக்கிறார்.'"

பீரான் காக்கா கதவுப் பக்கம் திரும்பினார். "ரம்ஷீனா, நீயா மோளே ஸ்பான்சர்?"

"ஊரே சேர்ந்து வழியனுப்பும்போது வீட்ல இருந்து ஒரு சின்ன உதவி காக்கா" என்றேன் உள்ளேயிருந்தே.

"பாத்தியா, பெரிய மனசு" என்றார் வேலாயுதேட்டன். "எனக்கு அப்பவே தெரியும், பசங்க இப்படி ஒரு முடிவெடுத்துட்டாங்கன்னு."

"எனக்கும் காதுல விழுந்துச்சு" என்றான் அஸ்கர். அவன் காதில் எப்படி விழுந்தது என்று எனக்குத்தான் வியப்பு.

பீரான் காக்கா எழுந்து இவரைக் கட்டிப்பிடித்தார். "ஃப்ளெக்ஸ் ஏறின பிறகு பேச ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் நானே பாத்துக்கறேன். வீடு காலியாத்தான் கிடக்கு, பிள்ளைங்க அங்க தங்கட்டும். கல்ஃப்ல அத்தனை பேருக்கு மெஸ் நடத்தினவன் நான். ஆனா கோல்கீப்பர் போஸ்டுலயே நிப்பான், சொல்லிட்டேன்."

அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே மூன்று பேரும் படியிறங்கினார்கள். அரையிறுதி நிச்சயம் என்றார் ஒருவர். இறுதி என்றான் அஸ்கர். முக்கைத் தாண்டும்போது கப்பு வாங்கியே விட்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்தார். மிச்சமிருந்த உன்னக்காயை எடுத்துக் கடித்தார். என்னைப் பார்த்தார். ஹைஸாவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அந்த ஃப்ளெக்ஸ்..." என்றார்.

"எந்த ஃப்ளெக்ஸ்? ரசிகர்கள் வச்சதா? அதைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா இக்கா?"

மென்றார். நிதானமாக விழுங்கினார். அப்புறம் மெஷின் மேலிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். ஒரு பக்கம் பிடி என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேருமாக மெஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு ரசிகர்கள் சொன்னாங்க?"

"பத்து மணிக்கு. தரையைக் கழுவி விட்டுட்டு வந்தாப் போதுமாம்."