நனையக் கூடாத அளவுப் பலகை

எங்கள் ஊர்க் கடல் மிகவும் அடக்கமான கடல். உலகத்தில் மற்ற கடல்களெல்லாம் பருவநிலை மாற்றம் என்று கண்டபடி உயர்ந்துகொண்டிருக்க, எங்கள் கடல் மட்டும் பல வருடங்களாக ஒரு விரற்கடைகூட உயரவில்லை. இது என் சொந்தக் கருத்து அல்ல. கடல் ஆராய்ச்சித் துறை முத்திரை குத்திச் சொன்னது. அந்தத் துறையின் அலுவலகம் எங்கள் தெருமுனையில், படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு எதிர்வீடு எங்களுடையது. முன்னறையில் என் தையற்கடை, பின்னறையில் குடித்தனம்.

ஒருநாள் விடிந்ததும் என் மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள்.

“என்னங்க, கடல் வந்திருக்கு.”

“இந்நேரத்துல என்னவாம்? வாசல்லயே நிக்கச் சொல்லு.”

“வாசலையெல்லாம் தாண்டியாச்சு. உங்க கட்டிலுக்கு அடியில நிக்குது.”

காலைக் கீழே வைத்தேன். சில்லென்றது. செருப்பில் ஒன்று சமையலறைப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. தையல் மிஷினின் மோட்டார் தண்ணீரில் கிடந்தது. எங்கள் இருவருக்கும் சோறு போடுவது அந்த மிஷின்தான்.

அதற்குப் பிறகு அமாவாசை, பௌர்ணமி தவறாமல் கடல் வந்து போனது. மிஷின், கட்டில், பீரோ எல்லாவற்றையும் செங்கல் மேல் ஏற்றினோம். தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். கரையோரம் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் பிழைத்தோம் என்று எல்லோரும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனோம்.

அன்று அங்கே பூமி சூடாவதைப் பற்றிக் கருத்தரங்கு. ஏசி போட்ட குளிரில் அறிஞர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ‘கடலுக்காக நாம்’ என்று எம்ப்ராய்டரி போட்ட நீலக் கோட்டு அணிந்திருந்தார்கள். அந்த வருடம் அதுதான் மோஸ்தர். வெள்ளைச் சட்டையோடு வந்தவரைக் கடலுக்கு விரோதி என்பதுபோல் பார்த்தார்கள். அத்தனை கோட்டும் நான் தைத்தது என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு குறை சொல்ல மாட்டேன்.

இயக்குநர் எங்களை மரியாதையாக உட்காரவைத்தார்.

“சார், கடல் தண்ணி வீட்டுக்குள்ள வருது.”

“வர முடியாதே.”

“வந்துடுச்சு சார்.”

“படகுத்துறை அளவுப் பலகையில தண்ணி ஏறலையே! கடல் உயராம உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னா, உங்க வீடுதான் கீழ இறங்கியிருக்கணும். வீடு இறங்கினா அது கட்டடத் துறை. மாடிக்குப் போங்க.”

மாடியில் கட்டடத் துறைக்காரர், வீடு போட்ட இடத்திலேயே இருப்பதாகவும், தண்ணீர் என்றால் அது கீழ்த்தளம் என்றும் சொன்னார். மாடிக்கும் கீழுக்கும் நடந்து எங்களுக்கு முழங்கால் விட்டுப்போனது. அதே மாதம் எங்கள் கடல் ஆராய்ச்சித் துறைக்கு, கடல்மட்ட உயர்வின்மையைத் தொடர்ந்து பேணிக் காத்தமைக்காக ஒரு வெள்ளிக் கேடயம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து, எப்படி அடக்கினீர்கள் என்று கேட்டது. “எல்லாம் அணுகுமுறைதான்” என்றார் இயக்குநர். அவர்கள் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் அங்கே புதிதாக ஓர் ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தார். வயது குறைவு என்பதால் எல்லோரும் அவரைச் சின்ன மேடம் என்றார்கள். வந்த அன்றே அவர் ஒரு விபரீதமான காரியம் செய்தார். கடலைப் பார்க்கப் போனார்.

படகுத்துறைத் தூணில் வெள்ளையடித்த இரும்புப் பலகை ஒன்று உண்டு. மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடுகளும் எண்களும் இருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே கடல் மட்டம். சின்ன மேடம் பலகையைப் பார்க்காமல் அதற்குக் கீழே பார்த்தார். தூணில் திருகாணி ஓட்டைகள், ஜோடி ஜோடியாக, தண்ணீருக்குள் இறங்கிப் போயின. அலுவலக மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“பலகை நனைஞ்சா துருப்பிடிக்கும் மேடம். துருப்பிடிச்சா ஸ்டோர்கீப்பர் என்னைப் பிடிப்பார். அதனால தண்ணி ஏறினா நானும் ஒரு சாண் ஏத்தி அடிச்சிடுவேன்.”

ஸ்டோர்கீப்பரைக் கேட்டால், அரசாங்கச் சொத்தை நனையவிடக் கூடாது என்பது விதி என்றார். அளவு குறிப்பவரோ, பலகை காட்டுவதை எழுதுவதுதான் தன் வேலை என்றார். ஒருவர்கூடக் கடமை தவறவில்லை.

சின்ன மேடம் இயக்குநரிடம் போனபோது நானும் அங்கே இருந்தேன். இயக்குநரின் புதுக் கோட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பை இடுப்பில் சுற்றினால் பழைய அளவைத் தாண்டிப் போனது.

“போன வருஷ அளவே போட்டுக்குங்க மாஸ்டர்” என்றார் அவர். போன வருட அளவையே எழுதிக்கொண்டு, தைக்கும்போது தாராளமாக விட்டேன். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான்.

“சார், பலகையை ஏத்திக்கிட்டே வந்திருக்காங்க” என்றார் சின்ன மேடம்.

“அரசாங்கச் சொத்தும்மா. நனையலாமா?”

“கடலை அளக்கத்தானே சார் வச்சிருக்கு?”

“அளக்கத்தான். நனையறதுக்கு இல்ல.”

“கடல் சூடாகுது சார். சூடானா தண்ணி விரியும். பனிப்பாறையும் உருகி வந்து சேருது. ஒவ்வொரு கரையிலயும் ஒழுங்கா அளந்தாத்தான் எங்க சுவர் கட்டணும், எங்க ஜனங்களை முன்கூட்டியே மாத்தணும்னு சொல்ல முடியும். நம்ம பொய்யையும் சேர்த்துத்தான் உலகமே கணக்குப் போடுது.”

“பொய்யா? நம்ம ஆளுங்கள்ல யாராவது ஒரு வார்த்தை பொய் சொன்னாங்களா, காட்டு!”

 அந்தப் பெண் விடுவதாக இல்லை. நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் இயக்குநர் இறங்கிவந்தார். பொது விசாரணை நடத்துவது, கடல் வீட்டுக்குள் வந்ததாகத் தெருக்காரர்கள் நேரில் சொன்னால் பலகையைப் பழைய இடத்துக்கே இறக்கி, சுவருக்கும் எழுதிப்போடுவது என்று முடிவாயிற்று.

தெருவே குதூகலித்தது. சின்ன மேடத்தை வீடு வீடாகக் கூப்பிட்டு உபசரித்தோம். என் மனைவி அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடாத குறை. “நீ நல்லா இருப்பே தாயி” என்று கன்னத்தைத் தடவினாள். நானும் மிஷினைச் செங்கல்லிலிருந்து இறக்கிவிடலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை வீட்டுத் தரகர் வந்தார். முன்னறையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார். தரை ஈரமாக இருந்தது.

“சுவர் வரும், சரி. கூடவே இன்னொண்ணும் வருமே, யோசிச்சீங்களா?”

“என்னது?”

“கடல் உயருதுன்னு அரசாங்கமே எழுதிட்டா, இந்தத் தெருவுல வீட்டை எவன் வாங்குவான்? எந்த பேங்க் கடன் குடுக்கும்?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்த்து வைத்ததெல்லாம் இந்த வீடுதான். அதை என்றாவது விற்று மேட்டுப் பக்கம் போய்விடலாம் என்பதுதான் எங்கள் தைரியமே. தரகர் அடுத்த வீட்டுக்குப் போனார். தெருக்கோடிவரை ஒரு வீடு விடவில்லை.

மறுநாள் பௌர்ணமி. தெருவிலேயே மேஜை போட்டு விசாரணை. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எல்லோரும் வரிசையாக நின்றோம். இயக்குநரின் நாற்காலியைச் செங்கல் மேல் ஏற்றியிருந்தார்கள்.

“கடல் தண்ணி உங்க வீட்டுக்குள்ள வந்ததுண்டா?”

“எந்தத் தண்ணி சார்?” என்றார் மளிகைக்கடைக்காரர்.

“நாங்க பார்த்ததே இல்ல” என்றாள் அவர் மனைவி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி.

சின்ன மேடம் நேராக என்னிடம் வந்தார். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. உங்க கால் இப்ப எதுல நிக்குது?”

“தெருவுலம்மா.”

“தெருவுல என்ன இருக்கு?”

“நாங்கதான் இருக்கோம்.”

ஒரு சின்ன மீன் என் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது. நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

சின்ன மேடத்தைத் துறையின் மலைக் கிளைக்கு மாற்றினார்கள். கடல் ஆராய்ச்சிக்கு மலையில் ஒரு கிளை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பெட்டியோடு கிளம்பும்போது கடைவாசலில் நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“அங்க உயரமான இடம்தான் அண்ணே. எப்ப வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

மெக்கானிக் பலகையை இன்னொரு சாண் ஏற்றி அடித்தார். ஒத்துழைப்பைப் பாராட்டி இயக்குநர் தெருவுக்கும் ஒரு கேடயம் கொடுத்தார். அதை யார் வீட்டில் வைப்பது என்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது. முன்னறைச் சுவரில் பார்வையான உயரத்தில் ஆணி வைத்தேன். சுத்தியலை ஓங்கும்போது என் மனைவி கட்டில் மேலிருந்து சொன்னாள்:

“இன்னும் ஒரு சாண் மேல அடிங்க. நனைஞ்சிடப் போகுது.”