ஜெப வேளையில் இறங்கிப்போன கார்

ஆக்லாந்தில் இருக்கும் அன்புள்ள அக்கா அசெனாத்திக்கு,

ஆண்டவருடைய கிருபை உன் வீட்டின் மேலும் உன் முழங்கால் வலியின் மேலும் தங்குவதாக. இங்கே நாங்களும் கோழிகளும் சுகம். கார் சுகமில்லை, அதற்காகவே எழுதுகிறேன்.

நீ சட்டைகளுக்கு நடுவே சுற்றி அனுப்பிய ஹேண்ட்பிரேக் கேபிள் வந்து சேர்ந்தது. பழையது அறுந்த நாளிலிருந்து வீட்டு முன் சரிவில் சக்கரத்துக்குக் கல் கொடுத்தே காரை நிறுத்திவந்தோம் அல்லவா? செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் ஃபெரெத்தி சமதரையில் ஜாக்கி போட்டு, கட்டை கொடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டித் தட்டி உருவினார். உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளை நான்தான் எண்ணி, நோட்டில் படம் போட்டு, இடது வலது என்று இரண்டு சிரட்டைகளில் பிரித்து வைத்தேன். ஒரு ஸ்பிரிங் பறந்துவிட்டது. கோழிகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் அவர் தலைமுடியிலேயே கண்டெடுத்தேன். சாயங்காலம் எல்லாம் பூட்டி முடித்தபோது சிரட்டை இரண்டும் காலி, கணக்கு சரி. காரைச் சரிவில் ஏற்றி, கியரில் போடாமல் ஹேண்ட்பிரேக் லிவரை மட்டும் இழுத்தார், அசையாமல் நின்றது. "புது கேபிளுக்குக் கல் வச்சா அதுக்கு அவமானம்" என்று கல்லைத் தூக்கிப் பன்றி வேலிப் பக்கம் போட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது. அடுத்த சங்கு வரை கிராமத்தில் யாரும் எழக் கூடாது, சாலையில் எதுவும் நகரக் கூடாது, உனக்குத் தெரியாததா. சுவரில்லாத நம் கூடத்தில் உட்கார்ந்து நான் சங்கீதம் வாசித்து, பாட்டு எடுத்தேன். வெளிச்சம் மஞ்சளாகி, கடல் தூங்குகிற பிள்ளைபோல மூச்சுவிட்டது. அப்போது கார் நகர்ந்தது அக்கா. சத்தமே இல்லை. கூரையில் விழுந்திருந்த வெள்ளைப் பூக்களோடு, ஈரப்பலா நிழலுக்குள் போய், வெளியே வந்து, படகு கரையை விட்டுப் பிரிவதுபோல இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஃபெரெத்தியும் பார்த்தார். எழவில்லை; பாட்டில் அவர் குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. கீழே சாலையில் ஜெப வேளைக் காவலுக்கு நின்ற லியோத்தா பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். கார் மணலில் ஏறி, அவர் உள்ளங்கைக்கு ஒரு முழம் முன்னால் கீழ்ப்படிந்து நின்றது.

இரண்டாம் சங்கு ஊதும்வரை அவர் கையை இறக்கவில்லை. பிறகு, ஓடி இறங்கிய ஃபெரெத்தியிடம் கேட்டார்: "ஜெப நேரத்துல உன் வண்டி எங்கடா கெளம்புச்சு?"

"ஆள் இல்லாம அதுவா வந்துச்சுங்க, ஐயா."

"பன்னி வேலி தாண்டுனா பன்னியா அபராதம் கட்டுது? வீட்டுக்காரன் நீதான்."

ஒரு பெட்டி மீன் டின் அபராதம். அது போகட்டும். அடுத்த மாதம் ஃபெரெத்தியைச் சபையின் டீக்கனாக்குவதாக இருந்தது, நான் பதினொரு வருஷம் ஜெபித்த காரியம். தன் காரையே ஜெபத்தில் உட்கார வைக்கத் தெரியாதவன் சபையை எப்படி உட்கார வைப்பான் என்று கிராமத் தலைவர்கள் கேட்கிறார்களாம். இவரோ, "என் வேலையில்தான் குறை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என் நோட்டுப்படி வேலையில் குறையே இல்லை. ஆகவே கேபிள்தான் மோசம். அந்தக் கடைக்காரரிடம் அப்படியே எழுதி வாங்கி, கையெழுத்தோடு உடனே அனுப்பு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
சூலியா

பி.கு.: கடைக்காரரிடம் போகாதே. இதை வாசித்துக் காட்டியதும் ஃபெரெத்தி, "கேபிள் மேல பழி போடாத சூலியா. சங்கு ஊதுனப்ப நீ மூக்குக்கண்ணாடி எடுக்கக் காருக்குள்ள போனியே" என்றார். போனேன். கண்ணாடி லிவருக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தது; லிவரைப் பாதி கீழே இறக்கித்தான் எடுத்தேன், அந்தப் பாதிப் பிடியில்தான் கார் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. திரும்ப இழுத்ததாக நினைவில்லை. "தெரிஞ்சும் ஏன் சபையில சொல்லல?" என்றேன். "சொன்னா நீ சங்கீதம் வாசிக்கக் கூச்சப்படுவ. அப்புறம் நம்ம வீட்டுல யாரு வாசிப்பா?" என்றார். நாளை தலைவர்கள் முன் எழுந்து நின்று இந்தக் கடிதத்தை நானே வாசிக்கிறேன். அதற்குப் பிறகுதான் தபாலில் சேர்ப்பேன்.