குண்டு பல்பும் பத்து நிமிஷ மைக்கும்

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கிய நிமிஷத்தில் நான் மின்சாரத்தின் எதிரியாக மாறினேன்.

காரணம், பங்குப் பேரவைச் செயலாளர் கிறிஸ்துதாஸ் வாசித்த அறிவிப்பு. எங்கள் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், எந்த வீடு கரண்டை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று ஒரு கமிட்டி நேரில் வந்து பார்க்கும். ஜெயித்த வீட்டுக்காரர் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மேடையேறிப் பத்து நிமிஷம் பேசலாம். மைக் உண்டு.

பத்து நிமிஷம்! எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகிறது. இந்த இருபத்தேழு வருஷத்தில் நான் குறுக்கீடு இல்லாமல் பேசிய ஒரே பேச்சு, கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் கொடுத்த வாக்குறுதி. அதையும் சாமியார் சொல்லச் சொல்லத்தான் சொன்னேன். எனக்குள் பேசாத பேச்சு எவ்வளவு தேங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். நாகலூரில் வீட்டை ஒட்டியே தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் மரத்தில் கட்டில், கதவு, ஜன்னல் செய்வேன். என் மனைவி சாந்தாமேரி இட்லி மாவு அரைத்து பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கிற ரெண்டு கடைகளுக்குக் கொடுக்கிறாள். வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரே மீட்டர். ஆகவே ரெண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போர் தொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாளே ஏற்காடு டவுனுக்குப் பஸ் ஏறினேன். ஒரு பை நிறைய எல்.இ.டி. பல்புகளோடு திரும்பினேன். வீட்டில் நாலு டியூப்லைட், பட்டறையில் ரெண்டு, எல்லாவற்றையும் கழற்றினேன். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்கட்டில் கிடந்த செம்பு பாய்லரைத் துலக்கி வைத்தேன். பட்டறையில் விழுகிற துண்டுக் கட்டைகளைப் போட்டு எரித்தால் வெந்நீர் தயார். அப்புறம் அஞ்சு நட்சத்திரம் போட்ட ஒரு ஃபேன். எங்கள் கல்யாணத்துக்கு யாரும் நட்சத்திரம் பார்க்கவில்லை, வேதக்காரக் குடும்பம். அந்தக் குறையை ஃபேன் தீர்த்து வைத்தது.

"ஏனுங்க, இந்தக் குளிருல ஃபேன் எதுக்குங்க?" என்றாள் சாந்தாமேரி.

"போடறதுக்கில்ல மேரி. போடாம இருக்கறதுக்கு."

"போடாம இருக்கறதுக்குப் பழைய ஃபேனே போதாதுங்களா?"

"சாதா ஃபேனைப் போடாம இருந்தா யாரு மதிப்பாங்க? அஞ்சு ஸ்டார் ஃபேனைப் போடாம இருந்தாத்தான் கமிட்டிக்கு ஒரு மரியாதை வரும்."

"சரிங்க" என்றாள்.

அவள் 'சரிங்க' என்றால் சம்மதம் என்று அர்த்தம். இருபத்தேழு வருஷமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே முதல் சிக்கல் வந்தது. அடுப்படியிலிருந்து குரல் கேட்டது.

"ஏனுங்க, அலமாரிக்குள்ள இருந்த குண்டு பல்பு எங்கீங்க?"

"கழட்டியாச்சு. அறுவது வாட்டு! அலமாரிக்குள்ள யாரு உக்காந்து பேப்பர் படிக்கறா?"

"மாவு உக்காந்திருக்குதுங்க. அந்தப் பல்புச் சூட்டுலதான் அது பொங்குமுங்க."

"அதுக்குப் பதிலா ஒம்போது வாட்டு மாட்டியிருக்கறேன், பாரு. அதே வெளிச்சம்."

"மாவுக்கு வெளிச்சம் எதுக்குங்க? தொட்டுப் பாத்தா வெதுவெதுப்பே இல்லீங்களே."

"அதுதான் மேரி சிக்கனம்! குண்டு பல்பு சூட்டுல வீணாக்கற கரண்டையெல்லாம் இது வெளிச்சமா மாத்திருது."

"எனக்குச் சூடு வீணாப் போகலீங்க. வெளிச்சந்தானுங்க வீணாப் போச்சு."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. அதற்குள் அவள் தூங்கப் போய்விட்டாள்.

அடுத்தது படுக்கையறை ரூம் ஹீட்டர். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "தலைச்சோலை லூர்துராஜ் கேட்டான். குடுத்தரப் போறேன்" என்றேன். லூர்துராஜ் எனக்கு மரம் அறுத்துத் தருகிற சிநேகிதன்.

"நமக்குக் குளுருமுங்களே?"

"கம்பளி எதுக்கு இருக்குது?"

"சரிங்க. அந்த ஜன்னல் இடுக்கையாவது கொஞ்சம் அடைச்சுக் குடுங்க. காத்து ஊசியாட்டம் குத்துது. ஆறு வருசமாச் சொல்லீட்டு இருக்கறேன்."

"கமிட்டி வந்துட்டுப் போகட்டும்" என்றேன். ஊருக்கெல்லாம் காற்றுப் புகாத ஜன்னல் செய்கிறவன் நான். சொந்த வீட்டு ஜன்னலுக்கு மட்டும் நேரம் அமைவதில்லை.

அந்த வாரம் இட்லி தட்டையாக வந்தது. சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம். ரெண்டு கடைக்காரர்களும் மாவைத் திருப்பி அனுப்பினார்கள். சாந்தாமேரி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் மைக் தெரிந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த ஹீட்டரை நான் லூர்துராஜிடம் கொடுக்கவில்லை. பட்டறையில் என் வேலை மேஜைக்கு அடியில் வைத்து, முன்னால் ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்து மறைத்தேன். ஒயரைப் பின்பக்கமாக விட்டுச் சுவர் சுவிட்சில் இணைத்தேன். குளிரில் பசை காயாது என்பது ஒரு காரணம். என் முழங்கால் என்பது நிஜக் காரணம். காலையில் வந்ததும் சுவிட்சைத் தட்டுவேன். பலகை இடுக்கில் காலை நீட்டுவேன். வெளியே பனி இறங்கி எதிர்ப்பக்கக் காப்பித் தோட்டமே காணாமல் போயிருக்கும். நான் மட்டும் சொர்க்கத்தில் இருப்பேன்.

பத்து நாள் கழிந்தது. ஒரு நாள் காலை இட்லி பூப்போல வந்தது.

"எப்புடி மேரி?"

"செபம் பண்ணுனேனுங்க."

"நான்தான் சொன்னேனில்ல, ஒம்போது வாட்டே போதும்னு!"

"சரிங்க."

அதற்குப் பிறகு எல்லாமே கூடிவந்தது. பட்டறை முன்னைவிட வெதுவெதுப்பாக இருந்தது. சாந்தாமேரி பழைய துணியில் நீளமாகப் பை தைத்து, மரத்தூளை அடைத்து, பட்டறைக் கதவு ஜன்னல் அடியிலெல்லாம் வைத்திருந்தாள். பொழுது போகாமல் ஏதோ செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். மீட்டரைப் பார்த்தேன். ஹீட்டர் நாளெல்லாம் ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை! மீட்டருக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு குறை. புதிதாக வாங்கிய பசையில் லேசாகப் புளித்த வாடை அடித்தது. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

பேச்சும் தயாரானது. பதினாலு பக்கம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கமிட்டி வந்தது. கையில் நோட்டோடு கிறிஸ்துதாஸ், கூடவே சாரா டீச்சர். சாரா டீச்சர் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் ஒளித்த புளியங்காயைக்கூட மோப்பம் பிடிக்கிறவர். பல்பைக் காட்டினேன். கீசரைக் காட்டினேன். ஓடாத ஃபேனைக் காட்டினேன். கிறிஸ்துதாஸ் எழுதிக்கொண்டே வந்தார்.

"பட்டறையையும் பாத்தரலாமுங்களா? ஒரே மீட்டருதானுங்களே" என்றார் சாரா டீச்சர்.

நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். "சாவி காணமுங்க டீச்சர். ரெண்டு நாளாத் தேடறேன்."

"இந்தாங்க" என்று சாந்தாமேரி முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

உள்ளே நுழைந்ததுமே கிறிஸ்துதாஸ் மஃப்ளரைக் கழற்றினார். "என்னங்க இது, இவ்வளவு வெதுவெதுன்னு இருக்குது? ஹீட்டர் கீட்டர் போட்டிருக்கறீங்களா?"

"மரம், கிறிஸ்துதாஸ்! மரத்துக்கே ஒரு சூடு உண்டு" என்றேன்.

சாரா டீச்சர் குனிந்து பிளைவுட் பலகையைப் பிடித்தார். நான் கண்ணை மூடி, பாவத்துக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினேன். பதினாலு பக்கமும் பனியில் கரைவது தெரிந்தது.

"அட! நொம்ப நல்லா இருக்குதே!" என்றார் டீச்சர்.

கண்ணைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் ஹீட்டர் இல்லை. கம்பளி சுற்றிய பால் கேன் ஒன்று. அதைச் சுற்றி மரத்தூள் மூட்டை. இரண்டு பக்கமும் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கும் மாவுப் பானைகள்.

"காலைல பாய்லர்ல மிஞ்சுன வெந்நீருங்க" என்றாள் சாந்தாமேரி. "கேன்ல ஊத்திக் கம்பளியச் சுத்திட்டா சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்குதுங்க. மாவும் பொங்கீருது, பட்டறையும் குளுராது. ஒரு பொட்டுக் கரண்டு வேண்டாமுங்க."

நான் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இத்தனை நாளும் அது இட்லி மாவிடம்தான் குளிர் காய்ந்திருக்கிறது.

"இது யாரு யோசனைங்க?" என்றார் டீச்சர்.

என் வாய் திறந்தது. அதற்குள் குறுக்கே ஒரு குரல் வந்தது.

"எல்லாம் எங்க ஊட்டுக்காரரு யோசனைதானுங்க" என்றாள் சாந்தாமேரி.

அந்த நிமிஷத்தில் அவளை மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளலாம் போல இருந்தது. கிறிஸ்துதாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க ஊடுதாங்க முதலிடம். மேடை உங்களுக்குத்தான்!"

"ஆனா ஒண்ணுங்க டீச்சர்," என்றாள் சாந்தாமேரி. "இவருக்குப் பேசறதவிடச் செஞ்சு காட்டறதுதானுங்க நல்லா வரும்."

"அதுவுஞ் சரிதானுங்க. இதையே மரப்பெட்டியா மேடையில செஞ்சு காட்டட்டும். நீங்க பக்கத்துல நின்னு வெளக்கம் சொல்லீருங்க."

"சரிங்க" என்றாள் சாந்தாமேரி.

அவர்கள் போனதும் கேட்டேன். "மேரி... ஹீட்டர் எங்க?"

"லூர்துராஜண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாருங்க, நீங்க ஆணி வாங்கப் போனன்னைக்கு."

"அவனுக்கு எதுக்குக் குடுத்த?"

"நீங்கதான குடுத்தரப் போறேன்னு சொன்னீங்க? உங்க வாக்கு பொய்யாவக் கூடாதில்லீங்க."

"நான் தெனமும் சுவிட்சைத் தட்டுனேனே!"

"தட்டுனீங்க. நானும் ஜன்னல் வழியாப் பாத்தேனுங்க. நீங்க காலை நீட்டிட்டு உக்காந்திருந்த சொகத்தப் பாத்து, சொல்ல மனசே வரலீங்க." பிறகு அவள் குரல் மாறியது. "மரச்சீவலுக்கு நடுவுல ஹீட்டரைப் போட்டு, பலகைய வெச்சு மூடியிருக்கறீங்களே. ஒரு பொறி பட்டிருந்தா பட்டறையோட நீங்களும் போயிருப்பீங்க. பட்டறையக் கூட்ட வந்தப்ப அதைப் பாத்து எனக்கு நெஞ்சு பதறிப்போச்சுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. அன்று மத்தியானமே படுக்கையறை ஜன்னலைக் கழற்றி, இழைத்து, இடுக்கில்லாமல் பொருத்திக் கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை. அவள் சுத்தியலை மட்டும் கையில் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் கூட்டத்தன்று பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. பதினாலு பக்கமும் சட்டைப் பையில் இருந்தது, ஏதாவது இடைவெளி கிடைக்காதா என்று. நான் மேடையில் உட்கார்ந்து பலகையை அறுத்தேன், பொருத்தினேன், ஆணி ஆணியாக எடுத்து அடித்தேன். சாந்தாமேரி மைக்கைப் பிடித்து, பல்பிலிருந்து பாய்லர் வரை, கதவிடுக்கிலிருந்து கம்பளி வரை, ஒரு தடவைகூடத் திக்காமல் பேசினாள். எத்தனை படி அரிசிக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் என்று பெண்கள் எழுந்து கேட்டார்கள். பெட்டி வேண்டுமென்று கிறிஸ்துதாஸிடம் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "இத்தனையும் எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஊட்டுக்காரருதானுங்க. இப்ப அவரு ரெண்டு வார்த்த பேசுவாருங்க" என்று மைக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

என் வாயில் ஆறு ஆணி இருந்தது.