பால்சுறாவுக்கு ஒரு கெடு

“தம்பி, இது திருக்கை.”

யோகேஸ்வரி மாமி பொலித்தீன் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

சாரங்கனுக்கு மகள் பிறந்து பன்னிரண்டு நாள். யாழ்ப்பாணத்து நெல்லியடியிலிருந்து கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் வந்திறங்கிய மாமியார், பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாவை அவித்து உதிர்த்துச் செய்கிற வறைதான் மருந்து என்று தீர்ப்பளித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சுறா வராவிட்டால் தாயையும் பிள்ளையையும் ஆறு மாதத்துக்கு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார். ஆறு மாதம் மகளை வட்ஸ்அப்பில் கொஞ்சுவதா? சாரங்கன் கலங்கிப்போனான். காப்புறுதிக் கம்பனியில் ஊரார் உயிருக்கெல்லாம் உத்தரவாதம் எழுதுகிறவனுக்கு ஒரு மீனுக்கு உத்தரவாதம் தர வழியில்லை.

“மீன்கடைப் புவாத் நானாவிட்ட சுறா இல்லையாம் மாமி. இதுவும் அதே சாதிதானே? ரெண்டுக்கும் எலும்பில்லை, வெறும் குருத்து.”

“அப்பிடிப் பாத்தா உமக்கும் முதுகெலும்பில்லை. உம்மை வறுத்துக் குடுக்கட்டோ?”

அறைக்குள்ளிருந்து மனைவி ஆரணி குரல் கொடுத்தாள். “கிடைக்காட்டி விடுங்கோப்பா. ஏன் அலையிறியள்?”

என்ன தங்கமான மனசு! சாரங்கன் உருகினான். இவளைப் பிரிவதா?

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு விடியவே பேலியகொடை மீன் சந்தைக்குப் போனான். பால்சுறாவுக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து, “கிரி தென மோரா தியெனவத?” என்று கம்பீரமாகக் கேட்டான். பால் கொடுக்கிற சுறா இருக்கிறதா என்று.

“மோரா தொவன்ன பே, மாத்தயா!”

சுறாவில் பால் கறக்க முடியாதாம். பக்கத்து வியாபாரி ஒரு வாளியை எடுத்து நீட்டினான். வரிசையே சிரித்தது. வெட்கத்தை மறைக்க, முன்னால் கிடந்த ராட்சதச் சுறாவில் ஐந்து கிலோ வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தான்.

“இது ஆளைத் திண்ட சுறா,” என்றார் மாமி. “பால்சுறா கைநீளம்தான் வரும்.”

“அவிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ மாமி,” என்று அவனே சட்டியை அடுப்பில் வைத்தான். கொதி வந்ததும் அதிலிருந்து கிளம்பிய மூத்திர நாற்றம் படிக்கட்டால் இறங்கி வீடு வீடாகச் சுகம் விசாரித்தது. பிளாட் சங்கத் தலைவர் இரத்தினசிங்கம், மூக்கைப் பொத்திக்கொண்டு பிளம்பரோடு வந்து நின்றார்.

“சாரங்கன், உங்கட டொய்லெட் குழாய் உடைஞ்சிட்டுது.”

“குழாயில்லை அங்கிள்... பிள்ளை. அடிக்கடி நனைக்கிறா.”

“ரெண்டு கிழமைப் பிள்ளை மூண்டு மாடிக்குப் பெய்யுமோ? டொக்டரிட்டக் காட்டும் ஐசே!”

மாமி அன்றே சூட்கேஸை இறக்கினார். “என்ர பேத்தியிலயோ பழி போடுறீர்?”

வியாழக்கிழமை சாரங்கன் மறுபடியும் புவாத்தின் மீன்கடை வாசலில் நின்றான். ஐஸுக்கு மேல் போட்டிருந்த சாக்கின் ஓரத்தால் நாலைந்து சின்ன வால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“நானா, பால்சுறா!”

“எங்க?” புவாத் சாக்கை இழுத்து மூடினார். “அது ஓடர் சேர்.”

“ரெண்டு மடங்கு தாறன்.”

“ஏலா.”

“மூண்டு மடங்கு!”

புவாத் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நேற்றுச் செத்த மீனை இப்போதுதான் துள்ளியது என்று விற்கிற மனுசன். கையை நீட்டாமலிருக்க அவர் பட்ட பாடு நெற்றியில் வியர்வையாகத் தெரிந்தது.

“நானா, கும்பிட்டுக் கேக்கிறன். நாளைக்கு என்ர மனுசியையும் பிள்ளையையும் கொண்டு போகப் போறா!”

புவாத் பெருமூச்சு விட்டார்.

“நான் என்னத்தச் செய்ய சேர்? ஒங்கட நோனாதானே திங்கக்கெழமயே கோல் எடுத்துச் சென்னாங்க: ‘இவர் வந்து கேட்டால் மட்டும் பால்சுறா குடுத்திடாதேங்கோ நானா, நான் அம்மாவோட ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்திட்டன்’ எண்டு.”